நாற்காலி வண்டியும் சம்பந்திச் சண்டையும்

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் 'எபிநேசர் பந்தல் சாமான் வாடகை நிலையம்' எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் கையை விரிப்பார்கள். "விசிலடிச்சுட்டுப் போகுமே நாற்காலி வண்டி, அந்த அண்ணாச்சி கடை" என்றால் தெருவின் கடைசி வரை கூடவே வந்து காட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த அண்ணாச்சியின் பெயர் தேவமணி. ஐம்பது வயதைத் தாண்டியவர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மகனும் சாக்பீஸ் பிடிப்பான் என்று நம்பியிருந்தார். தேவமணி பி.எஸ்ஸி.யை நடுவில் விட்டார். டைப்ரைட்டிங் போய் நடுவில் விட்டார். ஒரு அச்சகத்தில் சேர்ந்து அதையும் விட்டார். "ஏலே, எதையாவது ஒண்ணை முழுசா முடிச்சிருக்கியா?" என்று அப்பா அடிக்கடி கேட்பார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

கடைசியில் கைகொடுத்தது நாற்காலிதான். கோயிலில், சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வெளியூரிலிருந்து நாற்காலி வரவழைத்ததைப் பார்த்து, நாமே வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்று தோன்றியது. நாற்காலியோடு மேசை, மேசையோடு பந்தல் என்று தொழில் வளர்ந்தது. சாமான் ஏற்றிப் போக, ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் வியாபாரி ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய டி.சி.எம். டொயோட்டா சிறு லாரியை வாங்கினார். எண்பதுகளில் பிறந்த வண்டி. நீல நிறம், சப்பை மூக்கு, கெட்டியான உடம்பு. ஆனால் சுமையோடு ஏற்றத்தைக் கண்டால் நிறைமாதக்காரியைப் போலப் பையத்தான் நடக்கும்.

சேரன்மகாதேவியில் நடந்த ஒரு கல்யாணத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பாளையிலிருந்து கிளம்பிய வண்டியை வழியில் ஒரு மினிபஸ் முந்தியது. ஜன்னலோரப் பெண்கள் கைகாட்டிச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு டிராக்டர் முந்தியது. தேவமணி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. விருந்தாளிகள் சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டியோடு படியில் உட்கார்ந்தபடி, "வாரும்வே, இப்பவாது உக்காரட்டுமா?" என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்.

மறுநாளே தேவமணி பேட்டையில் இருக்கும் மாரிக்கண்ணுவின் ஒர்க்ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

மாரிக்கண்ணு மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இந்த எஞ்சினுக்கு நெஞ்சு பெரிசு. மூச்சுதான் பத்தல. டர்போ வச்சிரலாம். சும்மா வெளிய போகுத புகை ஒரு சக்கரத்தைச் சுத்தும். அது வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்து கூடுனா டீசல் கூட எரியும். இழுவை தன்னால வரும்."

"எவ்வளவு பெரிய டர்போ இருக்கு?"

"பத்துச் சக்கர லாரியில கழட்டுனது ஒண்ணு கெடக்கு. ஆனா அது இந்த வண்டிக்கு…"

"அதையே வையும்."

வைத்தார்கள். தேவமணியின் வாழ்க்கையில் புது வெளிச்சம் வந்தது. நான்கு வழிச்சாலையில் வேகம் பிடித்ததும் வண்டியின் மூக்குக்குள்ளிருந்து 'உய்ய்ய்ங்' என்று ஒரு விசில் கிளம்பும். முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துத் தள்ளுவது போலிருக்கும். முதல் நாள் வல்லநாட்டுப் பாலம் வரைக்கும் போய்விட்டு, காரணமே இல்லாமல் திரும்பவும் ஒரு தடவை போய்வந்தார். டீசல் பம்பின் திருகைத் தானே திருகப் பழகினார். கறுப்புப் புகை வந்தால் டீசல் அதிகம். புகையே இல்லாமல் சோம்பினால் குறைச்சல். நடுவில் இருக்கும் அந்தச் சரியான இடத்தைத் தேடிச் சனிக்கிழமைகளை எல்லாம் செலவழித்தார். உடைத்துப் போட்ட காரிலிருந்து, அமுக்கிய காற்றைக் குளிர வைக்கும் பெட்டியொன்றை எடுத்து முன்னால் மாட்டினார். காற்றின் அழுத்தம் காட்டும் மீட்டர், டேஷ்போர்டில் வேதவசன ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது.

அதன் பிறகு எபிநேசர் நாற்காலிகள் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து சேர்ந்தன. சில கல்யாணங்களில் சமையல்காரருக்கும் முன்னால் வந்து சேர்ந்தன. "மண்டபத்துக் கதவைத் திறக்க ஆள் வர்றதுக்குள்ள வந்து நிக்காரு" என்று வாட்ச்மேன்கள் அலுத்துக்கொண்டார்கள். தேவமணிக்கு அந்த அலுப்பு தேனாக இனித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றை முழுசாகச் செய்து முடித்திருக்கிறோம் என்று அவர் நினைத்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய மனைவி சாலோமி ஆரம்பப் பள்ளி டீச்சர். வண்டியைப் பற்றி அவளுக்குத் தனிக் கருத்து இருந்தது. "ஆறு வயசுப் பிள்ளையள நான் பள்ளிக்கூடத்துல பாத்துக்கிடுதேன். வீட்டுல ஐம்பது வயசுப் பிள்ளை ஒண்ணு இருக்கு" என்பாள்.

அவர்களுக்கு ஒரே மகள் ஆன்லின். தூத்துக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை வேலை. போன வருஷம் சித்திரையில் ஒருநாள் ஊருக்கு வந்தவள், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, ஜெர்வின் என்று ஒருவன் இருக்கிறான் என்றாள். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. பூர்வீகம் மணப்பாடு. அப்பா கபிரியேல், துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் எஞ்சின் டிரைவர்.

"மணப்பாடுன்னா ஆர்.சி.யால்லா இருப்பாங்க?" என்றார் தேவமணி.

"ஆமாப்பா."

வீட்டில் ஒரு வாரத்துக்கு அந்த ஒரு 'ஆமாப்பா'தான் ஓடியது. அவர்கள் கத்தோலிக்கர்கள். தேவமணியின் குடும்பமோ தலைமுறைகளாக சி.எஸ்.ஐ. சபை. எந்தக் கோயிலில் கல்யாணம், யார் ஜெபம் செய்வது, எந்தப் பாட்டு பாடுவது என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேள்வி கேட்பார்கள். கபிரியேல் வீட்டிலும் இதே பேச்சுத்தான் என்று ஆன்லின் சொன்னாள். சாலோமி எதற்கும் தயாராக இருந்தாள். எந்த வாதத்துக்கு எந்தப் பதில் என்று அரிசி களையும்போதெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

அடுத்த வாரம் கல்யாணம் பேச, கபிரியேல் மனைவியோடும் ஜெர்வினோடும் வந்து இறங்கினார். அகன்ற தோள், வெயிலில் காய்ந்த முகம், பேசினால் எஞ்சின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கல்யாணம் எங்க ஊர்க் கோயில்ல வச்சுக்கிடணும்னு எங்க வீட்டுல ஆசைப்படுதாங்க."

"வச்சுக்கிடுங்க. வரவேற்பு பாளையங்கோட்டையில. எங்க சபை ஐயர் வந்து ஜெபிப்பாரு, எங்க பாடகர் குழு பாடும்" என்றார் தேவமணி.

"அதுக்கென்ன, ஜெபம் கூடுனா நல்லதுதானே?" என்றார் கபிரியேல்.

அவ்வளவுதான். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பதில்கள் எதற்கும் வேலையில்லாமல் போனதில் சாலோமிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அப்போதுதான் வெளியே அந்த விசில் கேட்டது. ஆயில் மாற்றக் கொண்டுபோன வண்டியை மாரிக்கண்ணு திரும்பக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். கபிரியேலின் காதுகள் விறைத்தன.

"அது என்ன, பெரிய டர்போ சத்தமால்லா கேக்கு?"

தேவமணியின் முகம் மலர்ந்தது. "வாங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

இரண்டு பேரும் கே.டி.சி. நகர் வரைக்கும் போய்வந்தார்கள். போகும்போது சிரித்துக்கொண்டு போனவர்கள், வரும்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"சம்பந்தி, ஒண்ணு சொன்னாக் கோவிக்கக் கூடாது" என்று கபிரியேல் கூடத்தில் நின்றபடியே ஆரம்பித்தார். "நல்ல கை உங்களுக்கு. ஆனா டர்போ அளவு தப்பு."

"என்ன தப்பு?"

"எஞ்சின் சின்னது, டர்போ பெரிசு. அந்தப் பெரிய சக்கரம் சுத்தி எந்திரிக்கதுக்குள்ள ஊர் வந்துரும். எங்க கப்பல்ல, எஞ்சின் உறுமுன உடனே கயிறு விறைக்கணும். ஏழு மாடி உசரத்துல ஒரு கப்பல் நிக்கும். அதுகிட்டப் போயி, கொஞ்சம் பொறும் அண்ணாச்சி, டர்போ இப்ப வந்துரும்னு சொல்ல முடியுமா?"

"இது கப்பல் இல்ல. ரோட்டுல ஓடுத வண்டி."

"ஓட ஆரம்பிச்சாச் சரிதான். ரவுண்டானாவுல கிளம்பும்போது பாத்தேனே, பின்னால வந்த சைக்கிள்காரன் நம்மளத் தாண்டிப் போயிட்டான்."

ஜெர்வின் சிரித்துவிட்டான். ஆன்லினும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததுதான் தேவமணிக்குத் தாங்கவில்லை. 'அளவு தப்பு' என்ற சொல், அப்பா சிவப்பு மையால் நோட்டில் போடும் பெருக்கல் குறியைப் போல அவர் மனதில் விழுந்தது. எழுந்து உள்ளே போனவர், சம்பந்தி வீட்டார் கிளம்பும்போது வாசல்வரை வந்து கைகூப்பினார்.

அதன் பிறகு இரண்டு தகப்பன்மாரும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வேலைகளெல்லாம் பெண்கள் வழியாக நடந்தன. கபிரியேலின் மனைவி போனில் சாலோமியிடம் கேட்டாள்: "மைனி, அண்ணன் இன்னும் கோவமாத்தான் இருக்காகளா?"

"உங்க வீட்டுக்காரங்க எப்படி இருக்காங்க?"

"இவுக ஒரு பேப்பர்ல படம் போட்டு, அந்த வண்டிக்கு எவ்வளவு பெரிய டர்போ வேணும்னு விளக்கிக்கிட்டு இருக்காக. எனக்கு, மைனி! மீன் கழுவிக்கிட்டு இருக்கேன், எனக்கு!"

ஆன்லின் தலையில் கைவைத்துக்கொண்டாள். "சபை, சடங்கு எல்லாத்தையும் தாண்டி வந்து, ஒரு இரும்புச் சக்கரத்துல வந்து சிக்கிக்கிட்டோமே" என்றாள்.

ஆடி அமாவாசை வந்தது. பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஊர் ஊராக ஜனங்கள் போய்த் தங்குவார்கள். விக்கிரமசிங்கபுரத்துக்காரர்கள் சிலர் அங்கே அன்னதானப் பந்தல் போடுகிறார்கள். அதற்கு நாற்காலியும் மேசையும் எபிநேசர் கடையிலிருந்து. மலைப்பாதைக்கு வண்டியை ஏற்றுவது தேவமணிக்கு அதுதான் முதல் தடவை. கிளம்பும் முன்னால் டயர்களை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

சாலோமி இதைச் சரியான வாய்ப்பாகப் பிடித்துக்கொண்டாள். "அருவியில குளிச்சுட்டு வருவோம், வாங்க" என்று சம்பந்தி வீட்டாரையும் அழைத்தாள். எல்லாரும் காரில் வந்தார்கள். பாபநாசத்தில் கார் நின்றதும் கபிரியேல் அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. சோதனைச் சாவடியில் அனுமதிச் சீட்டைக் காட்டிக்கொண்டிருந்த லாரியைப் பார்த்து நடந்தார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"நானும் மேல வாரேன்" என்றார்.

தேவமணி அனுமதிச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். வண்டியைக் கிளப்பினார்.

முதல் வளைவு போனது. இரண்டாவது வளைவில் வண்டி மூச்சு வாங்கியது. அடுத்த வளைவு செங்குத்தாகத் திரும்பியது. எதிரே ஒரு ஜீப் வந்ததால் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. அதோடு டர்போ உறங்கிப் போனது. தேவமணி ஆக்சிலேட்டரை மிதி மிதியென்று மிதித்தார். கறுப்புப் புகை வந்தது, விசில் வரவில்லை. எஞ்சின் இரண்டு தடவை குலுங்கிவிட்டு நின்றது. வண்டி பின்னால் நகர, கபிரியேல் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

பின்னால் வேன்களும் ஜீப்புகளும் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. சுமையைக் குறைத்தால்தான் வண்டி அசையும். இரண்டு பேரும் நாற்காலிகளை இறக்கத் தொடங்கினார்கள். ரோட்டில் அடுக்கினால் வழி அடைபடும் என்பதால், காட்டோரமாக வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார்கள். வேன்களிலிருந்து இறங்கிய ஜனங்கள் பார்த்தார்கள். நிழல், குளிர்ந்த காற்று, வரிசையாக நாற்காலி. ஒவ்வொருவராக வந்து உட்கார ஆரம்பித்தார்கள்.

"இந்த வருஷம் நல்ல ஏற்பாடு பண்ணியிருக்காவளே!" என்றார் மில்லில் வேலை பார்க்கும் ஒருவர், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு. "போன வருஷமெல்லாம் இங்கன நின்னு நின்னு கால் கடுத்துப் போச்சு."

பக்கத்திலிருந்த அம்மாள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாள். தேவமணிக்கும் கபிரியேலுக்கும் ஆளுக்கொரு பிடி கிடைத்தது. மரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி, காலியாகக் கிடந்த நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்து, இலையைப் பார்த்தபடி காத்திருந்தது.

கபிரியேலுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. தேவமணி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. இருவரும் ரோட்டோரத்தில் நின்று கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

"அளவு தப்புதான்" என்றார் தேவமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தப்புன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுவே. ரோட்டுல அது பறக்கத்தான் செய்யுது. மலைக்குப் பத்தாதுன்னு சொல்லியிருக்கணும். என் வாய் அப்படி."

உரிமையோடு சொன்ன அந்த 'வே' தேவமணியின் காதில் இதமாக விழுந்தது. "நீரு இங்கன நாற்காலியப் பாத்துக்கிடும். பாதிச் சுமையக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேன்" என்றார்.

பாதிச் சுமையோடு வண்டி ஏறிப் போய் வந்தது. அதற்குள் கபிரியேல் நாற்காலி கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் உட்கார இடம் காட்டும் அதிகாரியாகிவிட்டிருந்தார். கடைசியில் உட்கார்ந்திருந்தவர்களே நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே தூத்துக்குடிப் பழைய இரும்புக் கடைகளில் தேடி, ஒரு சின்ன டர்போவோடு கபிரியேல் வந்து இறங்கினார். மாரிக்கண்ணுவின் ஒர்க்ஷாப்பில் பெரியதைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டினார்கள். வண்டி வேறு பிறவி எடுத்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதே இழுத்தது. வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் முழுச் சுமையோடு மூன்றாவது கியரில் ஏறியது. கபிரியேல் ஜன்னலில் கைவைத்து ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவருடைய ராஜாங்கம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குச் சுமையேற்றிப் போகும் வரைக்கும் நீடித்தது. நான்கு வழிச்சாலையில் வேகம் கூடக்கூட வண்டி திணறியது. சின்ன டர்போவின் குறுகிய வாய் வழியாக அவ்வளவு புகையும் வெளியேற முடியாமல் எஞ்சின் சூடேறியது. வல்லநாடு தாண்டியதும் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போனார்கள். ஷேர் ஆட்டோ ஒன்று முந்திக்கொண்டு போனது. அதில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்மணி இவர்களை நெடுநேரம் பரிவோடு பார்த்துக்கொண்டே போனாள்.

கபிரியேல் ஜன்னலிலிருந்து கையை எடுத்துவிட்டார். 'அளவு தப்பு' என்ற சொல் தேவமணியின் நாக்கு நுனிவரை வந்தது. சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். அப்பா கேள்வி கேட்கும்போது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. வண்டியை வாகைக்குளம் பக்கம் நிறுத்தி, நுங்கு வாங்கிக் கொடுத்தார்.

"குடியும்வே. எஞ்சினும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

கபிரியேல் நுங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லணும்னு நினைச்சதச் சொல்லிரும்" என்றார்.

"என்னத்தச் சொல்ல? மலையில பறக்கத்தான் செய்யுது."

அன்று மாலை வீட்டுக்கு வந்து, பெரியதைத் திரும்ப மாட்டுவதா, சின்னதையே வைத்துக்கொள்வதா என்று இருவரும் வாசலில் நின்று பேசினார்கள். பேச்சு முடிகிற வழியாகக் காணோம். வாசலில் ஒரு டர்போ, படியில் ஒரு பெட்டி ஸ்பேனர், கொடியில் கிரீஸ் துணி. சாலோமி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"ஏத்தத்துக்கு ஒண்ணு நல்லாருக்கு, ரோட்டுக்கு ஒண்ணு நல்லாருக்கு. ரெண்டையும் மாட்டித் தொலைங்களேன்! எனக்கு வாசல்ல கோலம் போட இடமாவது கெடைக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாசலில் சத்தமே இல்லை. இரண்டு நிமிஷம் கழித்துச் சந்தேகப்பட்டு எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் தின்பண்டம் இருக்கும் அலமாரியைக் கண்டுபிடித்த பிறகு அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஐயோ, நான் சும்மா சொன்னேன்" என்றாள். யார் கேட்கிறார்கள்?

செய்யக் கூடியதுதான் என்று கபிரியேல் சொன்னார். பெரிய எஞ்சின்களில் உண்டு. புகை முதலில் சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிறகு பெரியதைச் சுற்றும். காற்று மட்டும் தலைகீழாக, பெரியதில் புகுந்து சின்னதுக்கு வரும். ஏற்றத்தில் சின்னது முந்திக்கொள்ளும்; சாலையில் பெரியது பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அவர் மாரிக்கண்ணுவின் ஒர்க்ஷாப் சுவரில் கரித்துண்டால் படம் போட்டார். மாரிக்கண்ணு தலையைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"மனுசனுக்குக் குடலை எடுத்து மாத்தித் தைக்க மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி?"

"தைப்போம்" என்றார் தேவமணி.

ஆவணியில் தொடங்கியது கார்த்திகை வரை நீண்டது. கபிரியேல் கப்பல் வேலையில்லாத நாட்களில் எல்லாம் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்தார். குழாய் வளைத்தார்கள், வெட்டினார்கள், திரும்ப வளைத்தார்கள். எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் அமுக்கம் தாங்கும் கெட்டியான காஸ்கெட் தகடு போட்டார்கள். அமுக்கம் எல்லை மீறினால் காற்றைத் திறந்துவிட ஒரு வால்வு வைத்தார்கள். ஒருநாள் தேவமணி, போதும், விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தார். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பவும் பேட்டைக்குப் போனார். சாலோமி இதைக் கவனித்தாள். அன்றைக்கு முதல் கேலி பேசுவதைக் குறைத்துக்கொண்டு, ஒர்க்ஷாப்புக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்தனுப்பினாள்.

முதல் ஓட்டம் அவமானமாக முடிந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கோயிலில் பாடகர் குழு கிறிஸ்துமஸ் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தது. வண்டி கோயிலைத் தாண்டும் நேரம், ரப்பர் குழாய் ஒன்று கிளாம்பைப் பிய்த்துக்கொண்டு 'டமால்' என்று பறந்தது. பாட்டு நின்றது. ஐயர் உட்பட எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். புகை விலகியதும் நடுரோட்டில் இரண்டு பேர் குழாயைத் தேடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"தேவமணி, பண்டிகைக்கு இன்னும் நாள் இருக்கே! வெடிய இப்பவே போட்டுட்டீங்களா?" என்றார் ஐயர்.

கெட்டியான கிளாம்பு போட்டு அடுத்த வாரம் ஓட்டினார்கள். இந்த முறை முழுச் சுமை நாற்காலியோடு. பாபநாசத்திலிருந்து அணைப் பக்கம் ஏறும் சாலையில், அனுமதி உள்ள தூரம் வரைக்கும் போனார்கள். நின்று நின்று கிளம்பிப் பார்த்தார்கள். சின்ன டர்போ கீச்சென்று உடனே விழித்துக்கொண்டது. இறங்கி வந்து, அம்பாசமுத்திரம் தாண்டிச் சாலை நீண்டதும் மிதித்தார் தேவமணி. கீச்சுக் குரலுக்கு அடியிலிருந்து கனத்த விசில் எழும்பி வந்தது. முள் சிவப்புக் கோட்டின் பக்கமே போகவில்லை. இருபுறமும் வயல்கள் ஓடின. கபிரியேல் சம்பந்தியின் தொடையில் ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த வலி மறுநாள் வரைக்கும் இருந்தது.

பொங்கல் கழிந்து கல்யாணம். மணப்பாட்டுக் கோயிலில் பூசை முடிந்து, கடற்காற்றில் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள நின்றபோது தகப்பன்மார் இருவரையும் காணவில்லை. ஜெர்வின் தேடிப் போனான். கடற்கரை மணல் மேட்டில் வண்டி ஏறுகிறதா என்று பார்க்கப் போயிருந்தார்கள். ஏறியிருந்தது. பட்டுச் சட்டையில் மணலும், கபிரியேலின் காதோரம் கிரீஸுமாக வந்து நின்றார்கள். கல்யாணப் படத்தில் அந்தக் கிரீஸ் இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது.

வரவேற்புக்குப் பாளையங்கோட்டை போகவேண்டும். பூ வைத்த கார் தயாராக நின்றது. ஆன்லின் அதைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற நீல வண்டியைப் பார்த்தாள்.

"அப்பா, நான் இதுல வாரேன்" என்றாள்.

"புடவை அழுக்காயிரும்ளா."

"ஆகட்டும். ரெண்டு டர்போன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்க, நான் ஒருநாளும் ஏறினதில்லையே?"

முன்சீட்டில் மூன்று பேருக்குத்தான் இடம். தேவமணி ஸ்டியரிங்கில், நடுவில் ஆன்லின், ஓரத்தில் ஜெர்வின். கபிரியேல், பூ வைத்த காரில் இரண்டு சம்பந்தியம்மாக்களுக்கு நடுவே உர்ரென்று உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்து, லாரி சத்தம் சரியாக இருக்கிறதா என்று காதுகொடுத்துக்கொண்டே வந்ததாக அவருடைய மனைவி பிறகு சொன்னாள்.

லாரி மணப்பாட்டைத் தாண்டியது. மகள் இன்றைக்கு வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறாள் என்ற நினைப்பு தேவமணிக்கு அப்போதுதான் உறைத்தது. சாலையையே பார்த்து ஓட்டினார். கீச்சுக் குரல் எழுந்தது. கொஞ்சம் கழித்து அதன் அடியிலிருந்து மற்றது வந்தது.

"இப்ப ரெண்டாவது வந்துட்டு, இல்லப்பா?" என்றாள் ஆன்லின்.

"கேட்டுச்சா உனக்கு?"

"நல்லாக் கேட்டுச்சு. அழகா வச்சிருக்கீங்கப்பா."

அவர் கண்ணாடியைச் சரி செய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு பாளையங்கோட்டை வரை, எந்தத் திருகை எவ்வளவு திருகினால் என்ன ஆகும் என்று மகளுக்கும் மருமகனுக்கும் விளக்கிக்கொண்டே வந்தார். இருவரும் பொறுமையாகக் கேட்டார்கள். பாடகர் குழு வாசலில் பாடி வரவேற்றது. மண்டபத்தில் நாற்காலி முந்தின நாளே போட்டாயிற்று.

இப்போது கபிரியேல் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் மருமகளை விசாரிக்கிற சாக்கில் மாதத்துக்கு இரண்டு தடவை பாளைக்கு வந்துவிடுகிறார். விசாரணை ஐந்து நிமிஷம், மீதி நேரம் பேட்டையில். போன மாதம் இரண்டு பேருமாகச் சேர்ந்து, பக்கத்துக் கிராமத்தில் கருவேல முள்ளுக்குள் துருப்பிடித்துக் கிடந்த இன்னொரு பழைய லாரியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதற்கு எந்த அளவு டர்போ என்பதில் தகராறில்லை. மஞ்சள் அடிப்பதா, பச்சை அடிப்பதா என்பதில் மூன்று நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாலோமி இதில் கருத்துச் சொல்ல மாட்டேன் என்று உறுதியாக இருக்கிறாள்.